ஒரே வீடியோவா ரெண்டர் பண்ணாதேங்கோ

2022 இல கரண்ட் வாற நேரம் பார்த்துத்தான் எங்கட வீட்டில எல்லா வேலையும் நடந்தது. சோறு வைக்கிறது, போன் சார்ஜ் பண்ணுறது, என்ர அனிமேஷனை ரெண்டர் பண்ணுறது, எல்லாம்தான். ஒரு நாள் புளெண்டரில செய்த 10 செக்கன் காட்சி ஒன்றை ரெண்டருக்குப் போட்டேன். செக்கனுக்கு 24 படம், மொத்தம் 240 படம். ஒரு படத்துக்கு 2 நிமிஷம் படி 8 மணித்தியாலம். ஏழாவது மணித்தியாலம் கரண்ட் போட்டுது. பற்றரி செத்த லப்டொப், அதுவும் சேர்ந்து போட்டுது.

210 படம் முடிஞ்சிருந்தது. ஆனா கையில ஒண்டும் மிஞ்சேல்ல. ஏனெண்டா நான் நேரா எம்பி4 வீடியோவாக் குடுத்திருந்தேன். வழமையான எம்பி4 கோப்பில எந்தப் படம் எங்க இருக்கு எண்ட அட்டவணை கடைசியிலதான் எழுதப்படும். இடையில நிண்டா அட்டவணை இல்லை. அட்டவணை இல்லாட்டி வீடியோ திறக்காது. 7 மணித்தியால வேலை ஒரு உடைஞ்ச கோப்பாக் கிடந்தது.

அதுக்குப் பிறகு நான் படத்தொடராத்தான் வேலை செய்யிறன். உங்களுக்கும் அதைத்தான் சொல்லுவன். ரெண்டர் அமைப்பில எம்பி4க்குப் பதிலா பிஎன்ஜியைத் தெரிவு செய்தால், ஒவ்வொரு படமும் 0001, 0002 எண்டு தனித்தனிக் கோப்பா விழும். கரண்ட் போனா அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்த ஒரு படம் மட்டும்தான் போகும். 'ஓவர்ரைட்' எண்டதை முதலே நிப்பாட்டி வையுங்கோ. திரும்பப் போடேக்க, இருக்கிற படங்களை விட்டிட்டு மிச்சத்தில இருந்து தொடங்கும். கடைசிக் கோப்பு அரைகுறையா எழுதுப்பட்டிருந்தா அதை மட்டும் அழிச்சுப்போடுங்கோ.

இதில கஷ்டம் இல்லையெண்டு சொல்ல மாட்டன். ஒரு படம் 2 எம்பி எண்டு வைச்சாலும் 240 படத்துக்கு 480 எம்பி வேணும். சத்தம் இதில வராது. எல்லாத்தையும் கோர்த்து, சத்தமும் சேர்த்து வீடியோ ஆக்குறது தனி வேலை. ஆனா புளெண்டரின்ர வீடியோ எடிட்டருக்குள்ளயே அதைச் செய்யலாம், சில நிமிஷ வேலைதான். திரும்ப 8 மணித்தியாலம் காத்திருக்கிறதோட பார்த்தா அது பெரிய விசயமே இல்லை.

இதைவிட முக்கியமான ஒண்டு இருக்கு. படங்கள் தனித்தனியா இருந்தா வேலையைப் பங்கு போடலாம். 1 தொடக்கம் 120 வரை உங்கட கணினியில, 121 தொடக்கம் 240 வரை சிநேகிதியின்ர கணினியில. ரெண்டிலயும் ஒரே புளெண்டர் பதிப்பு இருந்தாச் சரி. தலைப்பில எழுத்துப்பிழை விட்டிட்டமெண்டா அந்தத் தலைப்பு வாற படங்களை மட்டும் திரும்ப எடுக்கலாம். பிழையைத் திருத்துறது லேசா இருந்தாத்தான் திருத்த மனம் வரும். முழுசாத் திரும்ப ரெண்டர் பண்ணவேணும் எண்ட பயத்தில "பரவாயில்லை, ஆர் கவனிக்கப் போகினம்" எண்டு எத்தனை பிழையளை நாங்கள் விட்டிருக்கிறம்?

2025 இல ஒஸ்கார் வாங்கின லத்விய இயக்குநரின்ர 'ஃப்ளோ' படமும் புளெண்டரிலதான் செய்தது. நாங்கள் சும்மா இறக்கிப் பாவிக்கிற அதே மென்பொருள். "நல்ல கணினி வரட்டும், பிறகு செய்வம்" எண்டு காத்திருக்கிற ஆக்கள் எங்களுக்குள்ள கனபேர். நானும் அப்பிடித்தான் இருந்தேன். இருக்கிற பழைய லப்டொப்பில இண்டைக்கு இரவு 30 படம் முடிஞ்சா, நாளைக்கு 31 இல இருந்து தொடங்கலாம்.

அந்த 10 செக்கன் காட்சியை நான் பிறகு நாலு இரவில முடிச்சேன். இடையில ரெண்டு தரம் கரண்ட் போனது. நான் எழும்பிப் பார்க்கக்கூட இல்லை.