முகம் தெரியாத கந்துவட்டி!

2008-ல் சென்னையில் ஆரம்பித்த கம்பெனி பேங்க்பஜார். எந்த வங்கியில் என்ன வட்டி என்று இணையதளத்தில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டியது. வளர்ந்தது. 2015-ல் அமேசானே பணம் போட்டது. புதுக்கோட்டை கடைக்காரருக்கும் இதனால் லாபம்தான். வட்டி விசாரிக்க தூத்துக்குடிக்கு பஸ் ஏறி நாலு பாங்கு வாசலில் நிற்க வேண்டாமே!

ஆனால் அதே போனில் போலி கடன் ஆப்புகளும் நுழைந்துவிட்டன. ஐயாயிரத்தைக் கொடுத்துவிட்டு, போனில் உள்ள சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூப்பிட்டு மானத்தை வாங்குகிறார்கள். கந்துவட்டிக்காரனாவது தெருவில் தெரிந்த ஆள். இவனுக்கு முகமே கிடையாது.

வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து முன்கூட்டியே எழுத்தில் காட்டணும் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. காட்டாத ஆப்பில் கை வைக்காதீர்கள். ஏமாந்தால் உடனே 1930-க்கு போன் போடுங்கள். போலீசாரும், "வாங்கினது நீதானே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பாமல் வழக்கு போடணும்.