அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கி: வாங்கும் முன் யோசிக்க வேண்டியது என்ன?

"ஆபீஸ்ல பாதிப் பேர் வீட்ல துப்பாக்கி வெச்சிருக்காங்க. வார இறுதியில ரேஞ்சுக்குப் போய்ச் சுடலாம், வீட்டுக்கும் ஒரு பாதுகாப்பு. நானும் ஒண்ணு வாங்கலாமான்னு பார்க்கிறேன்." டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ இருக்கும் நண்பர் இப்படிக் கேட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பியூ ஆய்வு மையம் 2023-ல் நடத்திய கணக்கெடுப்பில், அமெரிக்கப் பெரியவர்களில் 32 சதவீதம் பேர் துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் 72 சதவீதம் பேர் சொன்ன முக்கியக் காரணம் பாதுகாப்பு. வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது தனிநபர் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால், அந்த உரிமை அங்கே வசிக்கும் எல்லோருக்கும் கிடையாது.

விசாவில் இருப்பவர் வாங்கலாமா?

பொதுவாக முடியாது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் நுழைந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. மாநில அரசு தரும் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம், இந்தத் தடை வாங்குவதற்கு மட்டுமல்ல. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து நாலு ரவுண்டு சுட்டாலும் அது 'வைத்திருத்தல்' ஆகிவிடலாம். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து மாணவர் விசாவில் ஃபுளோரிடா வந்த ரெஹைஃப் என்பவரின் வழக்கு இதற்கு உதாரணம். மதிப்பெண் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டதால் விசா தகுதியும் போனது. அதன்பின் ரேஞ்சில் போய்ச் சுட்டதற்காக அவர்மேல் வழக்குப் பாய்ந்து, தண்டனையும் கிடைத்தது. தன் சட்டநிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று கூறி, 2019-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தடை மட்டும் அப்படியே இருக்கிறது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படும் அபாயமும் உண்டு.

"மனைவி சிட்டிசன், அவங்க பேர்ல வாங்கிக்கலாமே?" வேறொருவருக்காகத் தன் பெயரில் வாங்குவது தனிக் குற்றம். அவருக்கென்றே வாங்கினாலும், பெட்டியின் சாவி உங்கள் கையில் இருந்தால் சிக்கல்தான். முதலில் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசுவது நல்லது.

தகுதி இருந்தால் என்ன நடைமுறை?

கூட்டாட்சிச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். படிவம் 4473-ஐ நிரப்ப வேண்டும். அதில் பொய் சொன்னால் குற்றம். அதன்பின் பின்னணிச் சோதனை நடக்கும். மற்றவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது?

கடையில் புதியவர் கையில் பெரும்பாலும் சின்னதாக, லேசாக இருப்பதைத்தான் எடுப்பார். அங்கேதான் தப்பு நடக்கிறது. துப்பாக்கி லேசாக இருந்தால் சுடும்போது பின்னோக்கி அதிகம் உதைக்கும், குறி தவறும், பயமும் வரும். வீட்டில் வைக்கவும் ரேஞ்சில் சுடவும் கொஞ்சம் பெரிய, கனமான துப்பாக்கியே புதியவருக்கு எளிது.

ரிவால்வரா, பிஸ்டலா? ரிவால்வரின் இயக்கம் எளிமையானது. ஆனால், பெரும்பாலும் 5 அல்லது 6 தோட்டாதான் கொள்ளும், விசையும் கடினம். பிஸ்டலில் அதிகத் தோட்டா, மென்மையான விசை. ஆனால், மேகசினைக் கழற்றிய பிறகும் அறைக்குள் ஒரு தோட்டா இருக்கலாம். "காலி துப்பாக்கிதானே" என்று நினைத்து நடந்த விபத்துகள் ஏராளம்.

இலக்குப் பயிற்சிக்கு மட்டும் என்றால் பாயிண்ட் 22 போதும். உதை குறைவு, தோட்டா மலிவு. இரண்டுக்கும் ஒன்றே வேண்டும் என்பவர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டல். பிராண்டைவிட முக்கியமானது, அது உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்பதுதான். பல ரேஞ்சுகளில் வாடகைக்குக் கிடைக்கும். நாலைந்து மாடல்களைச் சுட்டுப் பார்த்து, பயிற்சியாளரிடம் ஒரு வகுப்பு முடித்துவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

உண்மையான சிக்கல் எங்கே?

ரேஞ்சுக்கான துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் பூட்டி வைக்கலாம். தற்காப்புக்கு என்றால் நள்ளிரவில் சில நொடிகளில் கைக்கு வர வேண்டும். உங்கள் கைக்குச் சட்டென்று வருவது, வீட்டில் இருக்கும் குழந்தையின் கைக்கும் மனம் உடைந்த ஒருவரின் கைக்கும் சட்டென்று வரும். கைரேகையிலோ எண்ணிலோ திறக்கும் சிறு பெட்டகம் இதற்கு ஓரளவு தீர்வு. அதையும் துப்பாக்கி விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். கலிஃபோர்னியாவில் சுமார் 2.6 கோடி பேரின் பதிவுகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடச் சுமார் 8 மடங்கு. பெண்களிடம் சுமார் 35 மடங்கு. 2022-ல் வந்த இன்னொரு ஆய்வு, துப்பாக்கி வைத்திருப்பவருடன் வசிப்பவர்கள் கொலையாகும் விகிதம் மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்றது. துப்பாக்கி மட்டுமே காரணம் என்று இவை நிரூபிக்கவில்லை. ஆனால், 'வீட்டில் இருந்தால் பாதுகாப்பு' என்ற எண்ணத்தை இந்த எண்கள் ஆதரிக்கவில்லை.

வாசலில் நிற்பவர் யார்?

1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில் ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவர் யோஷிஹிரோ ஹட்டோரி, தவறான வீட்டின் மணியை அடித்தார். "அசையாதே" என்ற ஆங்கிலக் கட்டளை அவருக்குப் புரியவில்லை என்றே கருதப்படுகிறது. வீட்டுக்காரர் சுட்டதில் அவர் இறந்தார். குற்ற வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார். சிவில் வழக்கில் பெரும் இழப்பீடு தர உத்தரவானது.

ஆக, நண்பரிடம் எந்த மாடல் என்று பேசும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உன் விசா என்ன? வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள்? பூட்டி வைக்க இடம் இருக்கிறதா? நோக்கம் இலக்குப் பயிற்சி மட்டும்தான், சட்டப்படி தகுதியும் இருக்கிறது என்றால், ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வரலாம். முதல் வருஷத்துக்கு அதுவே போதும்.