13 வயது கார், 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது: எவ்வளவு கொடுக்கலாம்?

"சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வண்டி. 2013 மாடல், ஆனா 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு."

பழைய கார் தேடி ஒரு வாரம் அலைந்திருந்தால், இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். அடுத்த வரியும் தெரிந்ததுதான்: "அதனாலதான் ரேட் கொஞ்சம் கூட."

அந்த 'கொஞ்சம் கூட' எவ்வளவு வரை போகலாம்? வேலைக்குச் சேர்ந்து மூன்று, நான்கு வருடம் சேர்த்த இரண்டு, இரண்டரை லட்சத்தை முதல் காரில் போடப் போகிறவருக்கு இது சின்னக் கேள்வி இல்லை. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பத்து வயதைத் தாண்டிய சின்ன காரின் விலையை முடிவு செய்வது அதன் வயது. கிலோமீட்டர் அந்த விலையைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்தும், அவ்வளவுதான். ஏன், எவ்வளவு நகர்த்தும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஐந்து வயதுக்கு மேல் 'ரேட்' என்று ஒன்று இருக்கிறதா?

கார் காப்பீட்டில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். கார் திருடு போனாலோ, சரிசெய்யவே முடியாதபடி நொறுங்கினாலோ, காப்பீட்டு நிறுவனம் தரும் அதிகபட்சத் தொகை அது. இதற்கான தேய்மானப் பட்டியல் நாடு முழுக்க ஒன்றுதான். முதல் 6 மாதத்துக்கு 5%, ஒரு வருடம் வரை 15%, இரண்டு வருடம் வரை 20%, மூன்று வரை 30%, நான்கு வரை 40%, ஐந்து வரை 50% கழிப்பார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பட்டியலில் கிலோமீட்டர் என்ற பேச்சே கிடையாது, வயது மட்டும்தான். இரண்டு, ஐந்து வருடத்தோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நிறுவனமும் உரிமையாளரும் பேசி வைத்துக்கொள்வதுதான் மதிப்பு. ஆகவே 13 வயது காருக்கு 'மார்க்கெட் ரேட் இதுதான்' என்று யாராவது அடித்துச் சொன்னால், அது அவர் கேட்கும் விலை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிய கார் எவ்வளவு?

பழைய காரின் விலைக்கு மேல்வரம்பு போடுவது இன்றைய புதிய காரின் விலை. அந்த வரம்பு சமீபத்தில் கீழே இறங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கான வரி, செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்தது, 18 சதவீதமானது. 129 ரூபாய் கொடுத்த இடத்தில் 118 ரூபாய், அதாவது சுமார் 8.5% குறைவு. மாருதி சில மாடல்களில் அதற்கு மேலும் குறைத்தது. அப்போது அறிவித்த ஆல்டோ கே10-இன் தொடக்க ஷோரூம் விலை ரூ.3,69,900.

ஆன்-ரோடு விலை இதைவிட அதிகம், உண்மைதான். ஆனாலும் உத்தரவாதத்தோடு வரும் புதிய கார் நாலு, நாலரை லட்சத்தில் கிடைக்கும்போது, 13 வயது காருக்கு இரண்டேகால் லட்சம் என்பது புதியதில் பாதி விலை. பேரம் பேச உட்கார்வதற்கு முன் இந்த ஒப்பீடு மனதில் இருக்கட்டும்.

டீலரிடம் வாங்கினால் இன்னொரு வரியும் விலைக்குள் ஒளிந்திருக்கும். பதிவு பெற்ற டீலர், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான லாபத்தில் 18% ஜிஎஸ்டி கட்ட வேண்டும். சின்ன கார்களுக்கு 12% என்று இருந்ததை 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் உயர்த்தியது. ஒன்றரை லட்சத்துக்கு வாங்கி இரண்டு லட்சத்துக்கு விற்றால், 50,000 ரூபாய் லாபத்துக்கு வரி ரூ.9,000. தனிநபர் இன்னொரு தனிநபருக்குத் தன் காரை விற்றால் இந்த வரி கிடையாது. ஆகவே, டீலர் சொல்லும் விலையையே ஒரு வீட்டுக்காரரும் கேட்டால், "ஏன்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஓடாத வண்டி புது வண்டி ஆகுமா?

ஆகாது. 28,000 கிலோமீட்டரை 13 வருடத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர்கூட வரவில்லை. என்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் வீடு வந்துவிடும் தூரம் இது. அப்படியே ஓடிய வண்டியில் என்ஜின் ஆயிலில் ஈரம் தங்கும், பேட்டரி சரியாக சார்ஜ் ஏறாது.

ஓடினால் தேயும் பாகங்கள் வேறு, நின்றாலும் கெடும் பாகங்கள் வேறு. க்ளட்ச், சஸ்பென்ஷன், பிரேக் பேட் முதல் வகை. இவை குறைவாக ஓடிய காரில் நன்றாகவே இருக்கும். டயர், பேட்டரி, ரப்பர் ஹோஸ், பெல்ட், ஏசி சீல், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் இரண்டாம் வகை. இவற்றுக்கு ஓடோமீட்டர் தெரியாது, காலண்டர்தான் தெரியும்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20% எத்தனால் கலந்த இ20. சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை இதைப் பயன்படுத்திய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலியம் அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. பெரிய செலவில்லை என்பது அமைச்சகத்தின் வாதம். இருக்கட்டும், அந்தச் செலவும் உங்கள் கணக்கில்தான் வரும்.

அந்த 28,000 உண்மையா?

டிஜிட்டல் மீட்டரையும் திருத்த முடியும். அதனால் மீட்டரை மட்டும் பார்க்காமல், மற்ற பாகங்களோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

முதலில் டயர். பக்கவாட்டில் ஓவல் வடிவத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 1413 என்றால் 2013-ஆம் ஆண்டின் 14-வது வாரத்தில் தயாரானது. நான்கும் 2013 டயர்களாக இருந்தால் கிலோமீட்டர் உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நாலு புது டயர் செலவு உடனே உங்கள் தலையில் விழும். மாறாக, இது மூன்றாவது செட் டயர் என்றால், "28,000 கிலோமீட்டருக்கு ஏன் இத்தனை டயர்?" என்று கேளுங்கள். வயதாகிவிட்டதால் மாற்றினோம் என்பது நியாயமான பதில். ஆனால் அதற்கு பில் இருக்க வேண்டும்.

அடுத்து சர்வீஸ் ரெக்கார்டு. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் தேதியோடு கிலோமீட்டரையும் பதிவார்கள். அவற்றை வரிசையாக எழுதுங்கள். 2014-ல் 6,000, 2015-ல் 13,000, 2016-ல் 21,000 என்று போய்விட்டு அதன்பின் பத்து வருடம் பதிவே இல்லை என்றால் இரண்டே சாத்தியம்தான். வண்டி நின்றுபோயிருக்கிறது, அல்லது மீட்டர் நின்றுபோயிருக்கிறது. பெடல் ரப்பர், ஸ்டீயரிங், டிரைவர் சீட்டின் வலது ஓரம் ஆகியவற்றின் தேய்மானம் இதில் எது என்று சொல்லும். ஆர்சியில் 'ஓனர் சீரியல்' எண்ணையும் பாருங்கள். சிங்கிள் ஓனர் என்றால் அங்கே 1 இருக்க வேண்டும்.

ஆர்சியில் இன்னும் எத்தனை வருடம்?

மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். 2013-ல் பதிவான கார் என்றால் 2028-ல் புதுப்பிக்க வேண்டும். தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து வருட நீட்டிப்பு கிடைக்கும். 2022 ஏப்ரல் முதல் புதுப்பிக்கும் கட்டணம் ரூ.5,000. முன்பு இது ரூ.600. இதோடு மாநிலத்தைப் பொறுத்துப் பசுமை வரியும், சோதனைக்கு முன் செய்ய வேண்டிய ரிப்பேரும் சேரும்.

சரி, கணக்கு எப்படிப் போடுவது?

இரண்டு கார்களை வைத்துப் பார்ப்போம். ஆர்சி, வயது தவிர்த்த தொகைகள் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் மெக்கானிக் சொல்லும் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கார்: 2013 மாடல், 28,000 கிலோமீட்டர், கேட்கும் விலை ரூ.2,20,000. டயர், பேட்டரி, ஹோஸ், பெல்ட், ஆயில்கள் என்று உடனடிச் செலவு ரூ.35,000. 2028-ல் ஆர்சி புதுப்பிக்க எல்லாம் சேர்த்து ரூ.15,000. நாலு வருடம் கழித்து விற்றால் ரூ.60,000 கிடைக்கும் என்று வைப்போம். நிகரச் செலவு ரூ.2,10,000. வருடத்துக்கு ரூ.52,500.

இரண்டாவது கார்: 2018 மாடல், 65,000 கிலோமீட்டர், கேட்கும் விலை ரூ.2,80,000. உடனடிச் செலவு ரூ.25,000. ஆர்சி 2033 வரை இருப்பதால் அந்தச் செலவு இல்லை. நாலு வருடம் கழித்து ரூ.1,40,000 கிடைக்கும். நிகரச் செலவு ரூ.1,65,000. வருடத்துக்கு ரூ.41,250.

60,000 ரூபாய் அதிக விலை சொன்ன, இரண்டு மடங்குக்கு மேல் ஓடிய கார்தான் வருடக் கணக்கில் மலிவு. முதல் காரும் அதே ரூ.41,250-க்கு வர வேண்டும் என்றால் அதன் விலை ரூ.1,75,000 ஆக இருக்க வேண்டும். நீங்கள் சொல்ல வேண்டிய விலை அதுதான்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். அதே மாடல், அதே 2013, ஆனால் 90,000 கிலோமீட்டர் ஓடிய கார் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். க்ளட்ச், சஸ்பென்ஷன் போன்ற ஓடித் தேயும் பாகங்களை மாற்ற எவ்வளவு ஆகும் என்றும் கேளுங்கள். குறைவாக ஓடியதற்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கக்கூடியது அந்த ரிப்பேர் செலவு வரைதான்.

'டெல்லி வண்டி ரொம்ப சீப்' என்கிறார்களே?

காரணம் இருக்கிறது. டெல்லி-என்சிஆரில் 10 வயது டீசல், 15 வயது பெட்ரோல் வாகனங்களுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வாகனங்களுக்கு மட்டுமே என்று திருத்தியது. விதி இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஊரில் வயதான காரின் விலை விழத்தான் செய்யும்.

நீங்கள் பெங்களூருவிலோ ஹைதராபாத்திலோ வேலை பார்ப்பவர் என்றால், அந்தக் காருக்கு என்ஓசி வாங்க வேண்டும், 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும், அங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். இவற்றையும் கூட்டிய பிறகும் மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை குறைத்தாலும் கிடைக்காதது என்ன?

பாதுகாப்பு. டிரைவர் ஏர்பேக் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். ஏபிஎஸ் கட்டாயமானதும் அதே ஆண்டுதான். 2014-ல் குளோபல் என்சிஏபி மோதல் சோதனையில் ஆல்டோ 800, ஐ10, நானோ உள்ளிட்ட ஐந்து இந்தியக் கார்கள் பூஜ்ய நட்சத்திரம் வாங்கின. சோதிக்கப்பட்டவை ஏர்பேக் இல்லாத அடிப்படை ரகங்கள். 28,000 கிலோமீட்டரே ஓடியிருந்தாலும் அந்த உடல்கட்டு 2013-இன் உடல்கட்டுதான். ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர் ஓட்டப் போகிறீர்களா, மாதம் இரண்டு தடவை நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகப் போகிறீர்களா என்பதை வைத்து முடிவெடுங்கள். இரண்டாவது என்றால், 2019-க்குப் பிந்தைய கார் கூடுதல் விலைக்கும் தகுதியானது.

விற்பது உங்கள் வீட்டு வண்டி என்றால்?

அப்பா பத்து வருடம் பொத்திப் பொத்தி வைத்த கார். அவர் மனதில் இருக்கும் விலையை மேலே உள்ள கணக்கு ஏற்காது. அவர் வைத்திருக்கும் சர்வீஸ் பில் கட்டுதான் அவருடைய பலம். அதை வாங்குபவர் முன் வையுங்கள், பத்தாயிரம், இருபதாயிரம் கூடக் கேட்பதற்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது.

விலை படிந்ததும் ஆர்சி பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கார் பல கை மாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்சியில் பெயர் உள்ளவர்தான் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, ஆர்டிஓவில் பெயர் மாறியதற்கான ஆதாரம், இவை கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கார் உண்மையில் விற்றதாக அர்த்தம்.