தனித் தட்டும் இரைப்பைக் கிருமியும்

உயர்தர வகுப்பிலே உயிரியல் பயிலும் மாணவன் ஒருவன் அண்மையில் என்னை அணுகி ஓர் ஐயம் கேட்டான். தனக்குத் தெரிந்த வீடொன்றில், எச்.ஐ.வி. தொற்றியவர் ஒருவருக்குத் தட்டும் குவளையும் தனியே ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்றும், அவ்வாறு செய்தல் வேண்டியதுதானா என்றும் வினவினான். எந்த வீடென்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேண்டியதில்லை என்ற ஒரே சொல்லோடு விடையை முடித்திருக்கலாம். எச்.ஐ.வி. வைரசு உடலுறவினாலும், குருதியினாலும், தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றுவதன்றி, உண்ட தட்டினாலோ பருகிய குவளையினாலோ தொற்றுவதன்று. ஆனால், ஒரு வீட்டாரிடையே வாய்வழியாகப் பரவும் கிருமி வேறொன்று உண்டு. அதற்கு அஞ்சித் தட்டை ஒதுக்குவார் எவருமிலர். அக்கிருமிக்கும் எச்.ஐ.வி. தொற்றியவர்க்கும் உள்ள தொடர்பு வியப்பானது. நாம் அறிந்திருக்கவும் வேண்டியது.

ஹெலிக்கோபக்டர் பைலோரி என்பது அதன் பெயர். இரைப்பையிலே வாழும் சுருள் வடிவப் பற்றீரியா அது. அமிலம் நிறைந்த இரைப்பையில் எவ்வுயிரும் நிலைத்து வாழமாட்டாது என்றே வைத்திய உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் எனப்பட்டது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே, றொபின் வொறன், பரி மார்ஷல் என்னும் வைத்தியர் இருவர் இந்நம்பிக்கையை மாற்றினர். நோயாளரின் இரைப்பையிலிருந்து எடுத்த இழையங்களில் கிருமியை வளர்க்க அவர்கள் பலமுறை முயன்றும் பயன் கிட்டவில்லை. 1982ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையின் போது, வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தினும் மிகுதியான நாள்கள் வைக்கப்பட்டிருந்தன. திரும்பிவந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! பின்னரும் பலர் நம்ப மறுக்கவே, 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே பருகினார்; சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் கண்டு, அவருடைய இரைப்பை அழற்சியுற்றமை சோதனையில் தெளிவாயிற்று. 2005ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இருவர்க்கும் வழங்கப்பட்டது.

அமிலத்துள் இக்கிருமி எங்ஙனம் பிழைக்கின்றது? யூரியேசு என்னும் நொதியத்தை உண்டாக்கி, இரைப்பையிலுள்ள யூரியாவைச் சிதைத்து அமோனியாவாக்குகின்றது. அமோனியா தன்னைச் சூழ்ந்த ஐதரோக்குளோரிக்கமிலத்தை நடுநிலையாக்க, கிருமி சளிப்படலத்துள் நுழைந்து குடியமர்கின்றது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டாரிடமிருந்தோ மாசுற்ற நீரினாலோ அது வந்து சேர்கின்றது. பலருக்கு எத்துன்பமும் தருவதில்லை. சிலருக்குப் புண்ணையும், மிகச் சிலருக்குப் புற்றுநோயையும் விளைவிக்கும். புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளுள் ஒன்றென 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இதனை வகுத்தது.

எச்.ஐ.வி. வைரசோ நமது நிர்ப்பீடனத்தை நடத்தும் சீ.டி.4 என்னும் வெண்குழியங்களை அழிப்பது. காவல் தளர்ந்த உடலிலே கிருமிகள் பெருகும். ஆகவே இத்தகையோரிடம் இரைப்பைக் கிருமியும் மிகுந்திருக்கும் என்றுதான் மாணவர் எவரும் விடையெழுதுவர். ஆனால், பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியது இதற்கு மாறானது. ஏனையோரிடத்தினும் எச்.ஐ.வி. தொற்றியவரிடம் இக்கிருமி குறைவாகவே காணப்பட்டது, அவருள்ளும் சீ.டி.4 எண்ணிக்கை மிகத் தாழ்ந்தவரிடம் மேலும் குறைவாயிருந்தது.

இதற்கு ஆராய்ச்சியாளர் கூறும் காரணங்கள் மூன்று. வேறு தொற்றுகளுக்காக இவர்கள் அடிக்கடி உட்கொள்ளும் நுண்ணுயிரெதிரி மருந்துகள் இரைப்பைக் கிருமியையும் அழிக்கலாம் என்பது ஒன்று. நோய் முற்றியவரிடம் அமிலச் சுரப்புக் குன்றுவதால், அமிலத்துள் வாழப் பழகிய இக்கிருமி தன் இடத்தை வேறு கிருமிகளிடம் இழக்கலாம் என்பது மற்றொன்று. நம் நிர்ப்பீடனம் எதிர்க்கும்போது தோன்றும் அழற்சியே கிருமிக்கு ஊட்டமளிக்கின்றது. எதிர்க்கும் வலு ஒழிந்தவிடத்து அவ்வூட்டமும் ஒழிகின்றது என்பது மூன்றாவது.

இதனை நன்மையென்று எண்ணிவிடலாகாது. வீடு இடிந்து விழுந்ததனால் உள்ளே ஒளிந்திருந்த கள்வன் வெளியேறினான் என்றால், அதற்காக வீட்டுக்காரன் மகிழ்வதுண்டோ? நோய் முற்றியவருக்கு வயிற்று நோவு கண்டால், காரணம் பெரும்பாலும் வேறாயிருக்கும். சைற்றோமெகலோ வைரசு உண்டாக்கும் புண், உணவுக் குழாயிலே படரும் கன்டிடா என்னும் பூஞ்சணம், சிலவகைக் கட்டிகள் ஆகியன அவற்றுட் சில. அன்றியும், நான்கு வாரத்துக்குள் நுண்ணுயிரெதிரி மருந்தோ, இரண்டு வாரத்துக்குள் ஒமிப்பிரசோல் போன்ற மருந்தோ உட்கொண்டிருந்தால், மூச்சுச் சோதனையிலும் மலச் சோதனையிலும் கிருமி இருந்தும் இல்லையெனப் பிழையாகத் தோன்றுதல் கூடும். தகுந்த சிகிச்சையினால் நிர்ப்பீடனம் மீண்டவரோ, ஏனையோரைப் போலவே இக்கிருமிக்கும் இடமாகின்றார்.

இவ்விடத்திலேதான் மறைப்பினால் வரும் ஆபத்து இருக்கின்றது. நெஞ்செரிவு கண்டால் நாம் என்ன செய்கின்றோம்? மருந்துக் கடைக்குச் சென்று, அமிலத்தைத் தணிக்கும் மாத்திரையை வாங்கி விழுங்குகின்றோம். உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் எச்.ஐ.வி.க்கு முதன்மையாகப் பரிந்துரைத்துவரும் மருந்து டொலுட்டகிறவிர். அமிலந் தணிக்கும் மாத்திரைகளிலுள்ள அலுமினியமும் மகனீசியமும் அதனோடு பிணைந்து, உடல் அதனை உறிஞ்சாதபடி தடுத்துவிடும். ஆதலின் அம்மாத்திரைக்கு இரண்டு மணிநேரம் முன்னரோ, ஆறு மணிநேரம் பின்னரோ டொலுட்டகிறவிரை உட்கொள்ளல் வேண்டும். றில்பிவிறின் என்னும் வேறொரு மருந்தை உட்கொள்பவர் ஒமிப்பிரசோலைத் தொடவே கூடாது. இரைப்பைக் கிருமியை ஒழிக்கத் தரப்படுவதோ ஒமிப்பிரசோல் போன்றதொரு மருந்தோடு இரண்டு மூன்று நுண்ணுயிரெதிரிகளும் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை. தம் நோயைச் சொல்லாது மறைத்தவருக்கு இவற்றைக் கொடுப்பவர், அறியாமலே அவருடைய உயிர் காக்கும் மருந்தைப் பயனற்றதாக்கிவிடுதல் கூடும்.

நோயாளர் ஏன் மறைக்கின்றார்? சொன்னால் தட்டு ஒதுக்கப்படும் என்ற அச்சத்தினாலேயே மறைக்கின்றார். தனித் தட்டு வீட்டாரை எதனினின்றும் காப்பதில்லை. நோயாளரின் வாயை மட்டும் அடைத்துவிடுகின்றது. அடைபட்ட வாய் வைத்தியரிடமும் திறப்பதில்லை.

வீட்டாரைக் காக்க விரும்புவோர் செய்யத்தக்கன வேறு உண்டு. மலசலகூடம் சென்று வந்த பின்னும் உண்ணுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், நீரைக் கொதிக்கவைத்துப் பருகுதல், பாத்திரங்களை நன்கு கழுவுதல் ஆகியவை எல்லார்க்கும் பொதுவான விதிகள்; ஒருவருக்கு மட்டும் உரியனவல்ல. நோயாளரும், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, செல்லும் வைத்தியர் ஒவ்வொருவரிடமும் காட்டுதல் நலம்.

இவ்வளவையும் கேட்ட மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். அடுத்த முறை அவ்வீட்டுக்குப் போகும்போது அவருக்கு அருகிலேயே அமர்ந்து உண்ணப்போவதாகச் சொல்லி விடைபெற்றான். பரீட்சையிலே இதற்குப் புள்ளி கிடையாது. ஆயினும், உயிரியல் படித்ததன் பயனை அவன் அடைந்துவிட்டான் என்றே நான் எண்ணிக்கொண்டேன்.