லினக்ஸில் வீடியோ ஓடாது என்ற சாட்டு



பிஸ்கட் பக்கற்றைத் திருப்பித் திருப்பி ஹலால் முத்திரை தேடுகிறோம். வீட்டு லெப்டொப்பில் ஓடுவது கிறக் செய்த விண்டோஸ் என்பது மட்டும் நமக்கு உறுத்துவதில்லை. "லினக்ஸ் இலவசம்தானே, அதைப் போடுங்களேன்" என்றால் உடனே ஒரு சாட்டு: "அதில வீடியோ ஓடாது சேர்."

அது முழுப் பொய்யல்ல. புதிதாகப் போட்ட சில லினக்ஸ்களில் எம்பி4 வீடியோ திறக்காது. லினக்ஸுக்கு இயலாது என்பதல்ல காரணம். வீடியோவைச் சுருக்கும் முறைகளுக்குக் காப்புரிமை இருப்பதால், இலவசமாகத் தருபவர்கள் அவற்றைச் சேர்த்துத் தரத் தயங்குகிறார்கள். எம்பி3க்கும் இதே தடை இருந்தது. 2017இல் காப்புரிமை முடிந்தது, தடையும் நீங்கியது.

உபுண்டு போடும்போது, மேலதிக மீடியா வகைகளும் வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் சரி அடையாளம் இடுங்கள். விஎல்சியையும் இறக்குங்கள். பயானும் ஓடும், பிள்ளையின் பாட வீடியோவும் ஓடும்.

விண்டோஸ் மட்டும் எல்லாம் தருகிறதா? விண்டோஸ் 10உடன் டிவிடி படம் பார்க்கும் வசதி வரவில்லை. எச்இவிசி வீடியோவுக்கான இணைப்பை மைக்ரோசொப்ட் தன் ஸ்டோரில் 0.99 டொலருக்கு விற்றது. அங்கேயும் கடைசியில் நாம் போடுவது இதே விஎல்சியைத்தான்!

கொஞ்ச நேர வேலைக்குச் சோம்பல்பட்டு அடுத்தவன் உரிமையில் கை வைக்கிறோம். பிறகு எந்த முகத்தோடு பிள்ளைகளுக்கு அமானிதம் பற்றிப் பாடம் எடுப்பது?