பந்து வருவதற்கு முன்னால் பார்

2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 1-0 என்று ஜெயித்த மறுநாள் காலை, எங்கள் தெரு மீன்காரர் என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். கோல் போட்டது சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். "உங்க ஊர்ப் பையன்!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நான் சைவம், அவரிடம் ஒரு நாளும் மீன் வாங்கியது கிடையாது. இருந்தாலும் அந்தக் கோலில் எனக்கும் பங்கு உண்டு என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன் :-)

கொல்கத்தாவில் இருக்கிற தமிழனுக்கு இது ஒரு சௌகரியம். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கிடைக்கும், ஃபில்டர் காபியும் கிடைக்கும். ஆனால் தெருவில் நாலு பேரோடு பழக வேண்டுமென்றால் கால்பந்து தெரிந்திருக்க வேண்டும். வங்கி வேலையில் மாற்றலாகி வந்த நான் கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாதவன். பையன் ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தான். கூடப் போன நானும் பந்து பொறுக்கிப் போடும் வேலையில் சேர்ந்தேன். இன்று அந்தக் கோச்சுக்கு எடுபிடி மாதிரி. ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயது வரை இருபத்தைந்து பிள்ளைகள், அதில் ஐந்து பெண்கள். கோச் ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு அவர் 'ஸ்யார்', எனக்கு தாதா.

இந்த மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்டதையும், நம் ஊர்ப் பெற்றோர்களைப் பற்றி எனக்குத் தோன்றுவதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆட்டம் 90 நிமிடம். பந்து வெளியே போவது, ஃபவுல், த்ரோ இன் எல்லாம் கழித்தால் பந்து உருளும் நேரம் சுமார் ஒரு மணி நேரம். களத்தில் 22 பேர். வகுத்துப் பாருங்கள், ஒருவன் காலில் பந்து இருப்பது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மீதி ஐம்பத்தேழு நிமிடம் அவன் என்ன செய்கிறான்? எங்கே நிற்கிறான், யாரைப் பார்க்கிறான், எந்தக் காலி இடத்துக்கு ஓடுகிறான் என்பதுதான் கால்பந்து. நாம் பணம் கட்டி அனுப்பும் பல பயிற்சி முகாம்களில் சொல்லிக் கொடுப்பது அந்த மூன்று நிமிடத்தை மட்டும். பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்து, அதற்குள் வளைந்து வளைந்து ஓடச் சொல்கிறார்கள். பத்துப் பேர் வரிசையில் நின்றால் ஒன்பது பேர் சும்மா நிற்கிறார்கள். கூம்பு காலை நீட்டிப் பந்தைப் பறிக்காது. அதனால் பையன் தலையைக் குனிந்தபடியே ஓடப் பழகுகிறான். வெளியே நின்று பார்க்கிற நமக்கோ, ஆஹா, பிள்ளை மெஸ்ஸி மாதிரி ஓடுகிறானே என்று பூரிப்பு.

எங்கள் தாதா கூம்பை எல்லை குறிக்க மட்டும்தான் வைப்பார். அவர் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் 'மாத்தா தோலோ', தலையைத் தூக்கு என்று அர்த்தம். அடுத்தது 'தேகே கேலோ', பார்த்து ஆடு. அவர் செய்கிற நாலு பயிற்சிகளைச் சொல்கிறேன். உங்கள் குடியிருப்பில் நாலு பிள்ளைகள் இருந்தாலும் செய்து பார்க்கலாம்.

ஒன்று, பத்தடி தள்ளித் தள்ளி நாலு பேர் சதுரமாக நிற்பார்கள். நடுவில் ஒருவன் பந்தைப் பறிக்கப் பார்ப்பான். வெளியே இருப்பவர்கள் இரண்டு தொடுதலுக்குள் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். பந்து வந்த பிறகு யோசித்தால் தொலைந்தோம்.

இரண்டு, பந்தை வாங்கப் போகிறவனுக்குப் பின்னால் ஒருவர் நின்று விரல்களைக் காட்டுவார். பந்து உருண்டு வருகிற நேரத்தில் பையன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்லிவிட்டுத்தான் பந்தை நிறுத்த வேண்டும். முதல் வாரம் பந்து எல்லோர் காலுக்கடியிலும் ஓடிவிடும். ஆறாவது வாரம் பாருங்கள், அந்தப் பிள்ளை வேறு ஆள். நார்வே ஆராய்ச்சியாளர் கெயிர் யோர்டெட் பெரிய லீக் ஆட்டக்காரர்களின் வீடியோவை வைத்து இதைத்தான் எண்ணிப் பார்த்தார். பந்து வருவதற்கு முன்னால் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ் அதிகமாகச் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்கிறது.

மூன்று, ஆட்டத்தின் நடுவே விசில். எல்லோரும் அப்படியே நின்று கண்ணை மூட வேண்டும். "உன் இடது பக்கம் யார்? எத்தனை அடி தள்ளி?" என்று கேட்பார். பாதிப் பேருக்குத் தெரியாது. திட்டமாட்டார், "கண்ணைத் திற, பார்" என்று மட்டும் சொல்வார்.

நான்கு, துணி காயப்போடும் கயிறு. தடுப்பு ஆட்டக்காரர்கள் நாலு பேரும் அதை இடைவெளி விட்டுப் பிடித்துக்கொள்வார்கள். பந்து வலது பக்கம் போனால் நாலு பேரும் சேர்ந்து வலது பக்கம் நகர வேண்டும். ஒருவன் தூங்கினால் கயிறு இழுத்துவிடும். அணி அமைப்பு என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு ஒரு மணி நேரம் விளக்குவதைக் கயிறு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுகிறது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்மவர்களுக்கு ஒத்துவராது என்று ஒரு நண்பர் சொன்னார். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீமை அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. இந்திய அணி 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை வாங்கியது. அதே ரஹீமின் பயிற்சியில் 1956 மெல்போர்னில் நாலாம் இடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். பந்தை வைத்துக்கொண்டு தனியாக ஓடக்கூடாது, பாஸ் மட்டும்தான் என்று விதி போட்டுப் போட்டிகளே நடத்தியவர் அவர். அந்தத் தங்க அணியில் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடி, இங்கே உத்தர்பாராவிலேயே தங்கி, 2023-ல் காலமானார். ஆக, நம்மவர்களுக்கு ஒத்துவராது என்ற பேச்சை விட்டுவிடலாம்.

இப்போது காரமான பகுதி. நம் அப்பாக்கள் (நானும் சேர்த்துதான்) கோட்டுக்கு வெளியே நின்று செய்கிற அட்டகாசம். "அடிடா! ஓடுடா! கோல் போடுடா!" என் பையனை ஏன் பின்னால் நிறுத்துகிறீர்கள், முன்னால் நிறுத்துங்கள் என்று ஒரு தமிழ் நண்பர் தாதாவிடமே சண்டைக்குப் போனார். பின்னால் நிற்பவனுக்குத்தான் மொத்த மைதானமும் கண்ணில் படும், பார்க்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது என்று தாதா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பையன் அடுத்த மாதத்திலிருந்து வரவில்லை.

அவரை மட்டும் சொல்வானேன். போன வருடம் ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்ததும் தாதா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் பையன் பந்து வருவதற்கு முன் நன்றாகத் தலையைத் திருப்புகிறான், கவனித்தாயா?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கே திருப்புகிறான் என்று பார்த்தாயா? நீ நிற்கிற பக்கம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. மூன்று வருடமாக நான் சொல்லச் சொல்ல ஆடியிருக்கிறான். யார் காலியாக நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய நேரத்தில் அப்பா முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறான். வீட்டில் வந்து யோசித்தால் படிப்பிலும் அதே கதைதான். கணக்கில் அடுத்த வரி எழுதுவதற்கு முன் என்னை நிமிர்ந்து பார்ப்பான்.

நம் போன்ற குடும்பங்களில் இது கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. சொந்தக்காரர் பக்கத்தில் இல்லை, நிலம் நீச்சு இல்லை, பாஷையும் நம்முடையது இல்லை. பிள்ளை ஒரு தப்பு செய்துவிட்டால் தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை என்கிற பயம். அதனால் அவன் தப்பு செய்வதற்கு முன்பே நாம் பதில் சொல்லிவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் ட்யூஷன் என்று மைதானத்தையே நிறுத்திவிடுகிறோம். படிப்பு முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் தானாகப் பார்த்து, தானாக முடிவெடுத்து, தப்பானால் அடுத்த நிமிடம் சரி செய்துகொள்ள வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டால் வேறெங்கே பழகுவான்?

அன்றிலிருந்து நான் எதிர்ப்பக்கம், பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். வாயைத் திறப்பதில்லை. முதல் இரண்டு மாதம் அவன் ஆட்டம் மோசமாகத்தான் ஆனது, உள்ளதைச் சொல்ல வேண்டும். என்னைத் தேடி நின்று பந்தைப் பறிகொடுத்தான். கத்திவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. தாதா தூரத்திலிருந்தே கையைக் காட்டி உட்கார் என்றார்.

போன மாதம் ஒரு ஆட்டம். பந்து வருவதற்கு முன் இடது தோள், வலது தோள் இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரே தொடுதலில் பாஸ் கொடுத்தான். அது நேராக எதிரணிப் பையன் காலுக்குப் போய், கோலும் விழுந்து, தோற்றுப் போனார்கள். வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தவன், "அப்பா, லெஃப்ட்ல ரெண்டு பேர் ஃப்ரீயா நின்னாங்க. நான் பார்த்தேன்ப்பா. ஆனா ரைட்ல கொடுத்துட்டேன். அடுத்த தடவை மாத்திடுவேன்" என்றான். ஏன் தோற்றாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறானே.

உங்கள் ஊர் பூனாவோ, பெங்களூரோ, நொய்டாவோ, அடுத்த ஞாயிறு ஒரு தடவை பிள்ளை ஆடும்போது பேசாமல் இருந்து பாருங்கள். பயிற்சி முகாமில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற நேரம் எவ்வளவு, ஆடுகிற நேரம் எவ்வளவு என்று கடிகாரம் வைத்துக் கணக்கெடுங்கள். நிற்கிற நேரம் அதிகமென்றால் கோச்சிடம் மரியாதையாகப் போய், நாலு நாலு பேராகப் பிரித்து ஆடவிடச் சொல்லுங்கள். ஃபீஸ் கட்டுகிறவர் நீங்கள், கேட்கலாம். ஆட்டம் தொடங்கிய பிறகு மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள்.