நீரைப் படிக்க நீரருகே போக வேண்டும்

"சுற்றுலா" என்ற சொல் நம்மிடையே ஒரு குழப்பத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. கல்விச் சுற்றுலா என்றதும் பஸ்ஸில் பாட்டு, மத்தியானம் புரியாணிப் பார்சல், பின்னேரம் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் என்றே பலரும் நினைக்கிறோம். பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் படித்து, அதில் நீர்த்துறையைத் தெரிவு செய்த ஒரு பிள்ளை "களப்பயணம் போகவேண்டும்" என்று சொன்னாலும் வீட்டாரின் மனதில் அதே காட்சிதான் ஓடுகிறது. "போகாவிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கிறார்கள். நிறையவே குறைந்துவிடும் என்பது என் கருத்து. பெண்பிள்ளைகள் போகாவிட்டால் இன்னும் கூடுதலாகக் குறையும்.

உயர்தரப் பௌதிகவியலில் பேர்ணூலியின் தத்துவத்தைப் படிக்கும்போது, பாய்மத்துக்குப் பிசுக்குமை இல்லை, பாய்ச்சல் சீரானது என்று எடுத்துக்கொள்கிறோம். கணக்குச் செய்ய அது வசதி. வயல் வாய்க்காலில் ஓடும் நீருக்கோ இந்த நிபந்தனைகள் எதுவும் தெரியாது. அடியில் சேறு, கரையில் புல், இடையில் யாரோ எறிந்த பிளாஸ்ரிக் போத்தல். நடுவில் வேகமாகவும் கரையோரத்திலும் அடியிலும் மெதுவாகவும் அது ஓடுகிறது.

அதை அளக்க ஓர் எளிய முறை உண்டு. வாய்க்கால் ஓரமாக 10 மீற்றர் தூரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு தோடம்பழத்தை மிதக்கவிட்டு நேரத்தைக் கணிக்க வேண்டும். கிடைப்பது மேற்பரப்பு நீரின் வேகம். சராசரி வேகம் அதைவிடக் குறைவு என்பதால் ஏறத்தாழ 0.85 ஆல் பெருக்குவார்கள். அதை வாய்க்காலின் குறுக்குவெட்டுப் பரப்பாலும் பெருக்கினால், ஒரு செக்கனில் எத்தனை கனமீற்றர் நீர் போகிறது என்பது தெரியும். அந்த 0.85 ஐப் பாடமாக்கியவள் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவாள். முழங்காலளவு நீரில் நின்று, காலடியில் நீர் மெதுவாகப் போவதை உணர்ந்தவள் மறக்கமாட்டாள்.

நம் கிழக்குக் கரையோரத்திலேயே இதற்குப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபின் கரையோரக் கிணறுகள் உப்பாகிப் போயின. நல்ல மனதோடு பலரும் இயந்திரங்களைக் கொண்டுவந்து கிணறுகளை இறைத்துத் துப்புரவு செய்தார்கள். இறைக்க இறைக்க நல்ல நீர் வரும் என்பதே எல்லோருடைய நம்பிக்கையும். ஆனால் மணற்பாங்கான கரையோர நிலத்தின் கீழ், அடர்த்தி குறைந்த நன்னீர் உவர்நீருக்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலெழும்பும். கிணறு கிணறாகப் போய் நீரின் மின்கடத்துதிறனை மாதக்கணக்கில் அளந்த ஆய்வாளர்கள், திரும்பத் திரும்ப இறைப்பது பாதகமாகலாம் என்றும், உப்பைக் கழுவிப் போக்குவது மழைநீரே என்றும் எடுத்துக்காட்டினார்கள். கோட்பாடு முன்பே புத்தகத்தில் இருந்ததுதான். ஆயினும் எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு, எப்போது இறைப்பை நிறுத்த வேண்டும் என்பதை அறியக் கிணற்றடிக்குத்தான் போகவேண்டியிருந்தது.

அந்தக் கிணற்றடியில் அதிக நேரம் நிற்பவர்கள் யார்? எந்த மாதத்தில் நீர் உவர்க்கும், எப்போது தேநீரின் ருசி மாறும், எந்த மழைக்குப் பின் நீர் கலங்கும் என்பதெல்லாம் நம் உம்மாமாருக்கும் உம்மும்மாமாருக்கும் தெரியும். கேள்வித்தாளோடு ஆண்கள் வந்தால், பல வீடுகளில் வாப்பாவோ நானாவோ வாசலில் நின்று பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரு மாணவி வந்தால் குசினிவரை போய், நீர் பாவிப்பவரிடமே கேட்டறியலாம். ஆகவே மாணவிகள் இல்லாத களஆய்வில் பாதித் தகவல் வாசலோடு நின்றுவிடும்.

பெற்றோரின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. குளக்கட்டு வழுக்கும். வான் பாயும் இடத்தில் நீர் இழுக்கும். சில குளங்களில் முதலையும், சில பாதைகளில் யானையும் உண்டு. மலசலகூடம் இருக்குமா, தொழ இடம் கிடைக்குமா, இருட்டுவதற்கு முன் வந்துவிடுவார்களா என்பவையும் நியாயமான கேள்விகளே. அவற்றை மகளிடம் கேட்டு அவளை வீட்டில் நிறுத்துவதைவிட, பயணத்தை ஒழுங்கு செய்பவர்களிடம் கேட்பதே சரி. பெண் விரிவுரையாளர் ஒருவர் உடன் வருகிறாரா? உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? குளத்துக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு அறிவித்தாயிற்றா? பதில் திருப்தியில்லாவிட்டால் திருத்தச் சொல்லுங்கள். அதனால் ஆண்பிள்ளைகளுக்கும் பாதுகாப்புக் கிடைக்கும். நீந்தத் தெரியாத மகன் குளத்துக்குப் போகும்போது நாம் இதையெல்லாம் கேட்பதில்லையே!

களத்துக்குப் போகாத மாணவி தோழியின் குறிப்பைப் பார்த்து அறிக்கை எழுதலாம். நல்ல புள்ளியும் வாங்கலாம். ஆனால் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கக்கூடாது. மண்கட்டுகளில் சிறிது கசிவு இருப்பது வழமை. கசியும் நீர் தெளிவாக இருந்தால் பெரிதும் அஞ்சத் தேவையில்லை. கலங்கலாக வந்தால் கட்டின் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். அதைக் கட்டின் அடியில் குனிந்து பார்த்துப் பழகிய கண்தான் நேரத்தோடு கண்டுபிடிக்கும். நாளை ஒரு குளத்துக்குப் பொறுப்பாக நம் மகளோ சகோதரியோ நியமிக்கப்பட்டால், அதன் கீழே உறங்கும் கிராமங்கள் அவளுடைய கண்ணை நம்பித்தான் இருக்கும்.

இந்தப் பழக்கம் பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு கயிறு, அளவுநாடா, கைக்கடிகாரம், தோடம்பழம் இருந்தால் போதும். பாடசாலைக்குப் பக்கத்து வாய்க்காலில் ஒரு காலைப்பொழுதிலேயே தொடங்கலாம். பெற்றோரே, அடுத்தமுறை அப்படியொரு அனுமதிக் கடிதம் வீட்டுக்கு வந்தால், கேட்கவேண்டியதையெல்லாம் ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்டுத் தெளிந்தபின் கையொப்பம் இட்டு அனுப்புங்கள்.